ஒன்பதாம் வீட்டு வாட்டம்

எங்கள் செண்பகா நகரில் ஒன்பதாம் நம்பர் வீட்டுக் கார் ஷெட்டில் இருந்த வாட்டம், ஐப்பசி மாதம் ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணி வாக்கில் கோபித்துக்கொண்டு வெளியேறியது. வாட்டம் என்றால் தரைச் சரிவு. காரைக் கழுவினால் தண்ணீர் தேங்காமல் தெருப்பக்கம் ஓடிவிட வேண்டும் என்று மேஸ்திரிகள் தரை போடும்போதே பின்பக்கத்தைத் தூக்கி முன்பக்கத்தைத் தாழ்த்தி விடுவார்களே, அது. ஒன்பதாம் வீட்டில் அது இருபது அடிக்கு மூன்று அங்குலம் இருந்தது, பதினாலு வருஷமாக யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல், கார் நின்றால் காருக்கடியிலும் கார் இல்லாவிட்டால் வெயிலிலும் படுத்துக் கிடந்தது, அது பாட்டுக்குக் கிடந்த வாட்டத்தைக் கிளப்பிவிட்டது நாச்சிமுத்துவின் பிடிவாதம்தான் என்று சொன்னால் அவர் வருத்தப்படுவார். ஆனாலும் அதுதான் உண்மை.

நாச்சிமுத்து ஒரு பம்பு செட் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், அதாவது முப்பத்தோரு வருஷம் 'இது தேறாது' என்று சொல்லியே சம்பளம் வாங்கியவர். அவர் குனிந்து யாரும் பார்த்ததில்லை. சாவி கீழே விழுந்தால் யாராவது எடுத்துக் கொடுக்கும்வரை அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார், ஷூ நாடாவைக் கட்ட ஸ்டூல் மேல் காலைத் தூக்கி வைப்பார், முகூர்த்தத்தின்போது தாலி கட்ட வசதியாகப் பெண்ணை எழுந்து நிற்கச் சொன்னார் என்று அவருடைய மச்சினன் சொல்லித் திரிந்தார், அது மட்டும் கட்டுக்கதையாக இருக்கலாம்.

அவர் மனைவி சுலோச்சனா ஊறுகாய் போடுகிறவர். இரண்டு வருஷமாகப் பூண்டு, எலுமிச்சை, வடுமாங்காய் என்று பீங்கான் ஜாடிகளில் போட்டு, வாயில் துணியால் வேடு கட்டி, கார் ஷெட்டில் பழைய இரும்புத் தட்டுகளில் அடுக்கி வைத்துப் பாட்டிலில் நிரப்பி விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய பூண்டு ஊறுகாயைச் சாப்பிட்டுவிட்டு எங்கள் நகரில் பேசாமல் இருந்த இரண்டு சம்பந்தி வீட்டார் பேச ஆரம்பித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சிக்கல் என்னவென்றால், தட்டு சாய்ந்திருந்ததால் ஜாடியும் சாய்ந்திருந்தது, ஜாடி சாய்ந்திருந்ததால் மேலே ஒரு விரற்கடை நிற்க வேண்டிய நல்லெண்ணெய் முன்பக்கமாக ஒதுங்கி, பின்பக்கப் பூண்டு எண்ணெய்க்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, பத்துக்கு மூன்று ஜாடியில் பூசணம் பிடித்தது. அதைக் காட்டிலும் பெரிய சிக்கல், வீட்டுக்காரர் ஓய்வு பெற்று வந்து உட்கார்ந்ததுதான். சுலோச்சனாவின் போன் அடித்தால் அவர் எடுத்துப் பேசுவார். ஊறுகாயில் என்ன போட்டிருக்கிறது என்று சுலோச்சனாவிடம் யாராவது கேட்டால் அவர் பதில் சொல்வார், அதுவும் தப்பாக. பாட்டிலில் ஒட்டும் லேபிளுக்கு 'என்.எம். ஃபுட்ஸ்' என்று தன்னுடைய பேரைச் சுருக்கி அவரே வைத்து அவரே அச்சடித்துக்கொண்டும் வந்துவிட்டார்.

இந்த நிலைமையில்தான் சென்னையில் ஏழெட்டுக் கிளைகள் உள்ள ஒரு கடையின் ஆட்கள், வருகிற வாரம் வெள்ளிக்கிழமை வந்து சரக்கு வைக்கிற இடத்தைப் பார்க்கிறோம், பிடித்திருந்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னார்கள். சுலோச்சனா அன்றைக்குச் சாயங்காலம் பூங்காவில் எங்களிடம் சொன்னது இது: "இது கெடைச்சுதுன்னா என்ற கையில ஒரு தொழிலுங்க. கெடைக்கலீன்னா அடுப்ப அணைச்சுப் போட்டு உக்காந்துக்கறேன், இனி ஒரு பல்லு பூண்டு உரிக்க மாட்டேன்." அவர் சும்மா சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஐம்பத்தெட்டு வயதில் முதல்தடவையாக ஒன்றைத் தனக்கென்று கேட்கிற முகம் அது.

ஆகவே ஐந்து புது அலமாரிகள் வந்தன, அவற்றைப் பொருத்த ஆறுக்குட்டி வந்தார். தகர வேலை, வெல்டிங், கதவு, ஷட்டர் என்று எங்கள் நகரில் எது கோணினாலும் அவர்தான் வந்து நிமிர்த்துவார். ஒவ்வொரு அலமாரியும் நாலடி அகலம், ஐந்தையும் பக்கவாட்டுச் சுவரோடு வரிசையாக நிறுத்தினால் ஷெட்டின் பின்சுவரில் ஆரம்பித்துக் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து முடியும்.

"எங்க மேடோ அங்கிருந்துதானுங்ணா ஆரம்பிக்கோணும்" என்றார் ஆறுக்குட்டி. "பள்ளத்துல ஆரம்பிச்சமுன்னு வெய்யுங், மேட்டுக்குப் போறப்ப அலமாரி தரைக்குள்ள போகோணும்."

"தெரியும்" என்றார் நாச்சிமுத்து. அவருக்குத் தெரியாது.

ஆறுக்குட்டி டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் சுவரில் பிடித்து மட்டம் குறித்தார், நீலப் பொடி தோய்த்த நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போட்டார், கோட்டில் ஒரு மரச்சட்டத்தை அறைந்து அலமாரிகளின் முதுகை அதன்மேல் உட்கார வைத்தார், பிறகு ஒவ்வொன்றின் அடியிலும் இருந்த திருகுக் கால்களை, முதல் அலமாரிக்குக் கொஞ்சம், இரண்டாவதற்கு இன்னும் கொஞ்சம் என்று இறக்கிக்கொண்டே வந்து, ஐந்தாவது அலமாரி தரையிலிருந்து ஏறக்குறைய மூன்று அங்குலம் எக்கி நின்றபோது, மேலே ரசமட்டத்தை வைத்துக் காட்டினார். குமிழ் நடுவில் நின்றது.

"நடுவுல நிக்குதுங்ணா."

"நிக்கிற மாதிரி இருக்குது. நிக்கல" என்ற நாச்சிமுத்து உள்ளே போய், பீரோவிலிருந்து ஃபிளானல் துணி சுற்றிய தன்னுடைய ரசமட்டத்தை எடுத்து வந்தார். அது கம்பெனியில் மெஷின்களுக்கு மட்டம் பார்க்கிற சாதனம், அடியில் ஒரு காகிதத்தைச் சொருகினால்கூடக் குமிழ் ஓடிப் போய்விடும். அதை வைத்ததும் குமிழ் இடப்பக்கம் ஓடியது. ஆறுக்குட்டி திருகினார், அது வலப்பக்கம் ஓடியது. இப்படியே காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுவரை குமிழ் ஓட, ஆறுக்குட்டி திருக, சுலோச்சனா இரண்டு தடவை காப்பியும் ஒரு தடவை மோரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஊறுகாய்க்கு இது போதுங்க, ராக்கெட்டா உடப் போறோம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாச்சிமுத்து காதில் வாங்கவில்லை.

"அண்ணா, இதுக்கு மேல மட்டம் பாத்தா வாட்டத்துக்கே மனசு கேக்காதுங்" என்றார் ஆறுக்குட்டி. "கீழ ஒண்ணு கெடக்குதுன்னு அதுக்கும் ஒரு மரியாதை வேணுமல்லங்க?"

"வாட்டம் கெடக்குது. நீ திருகப்பா."

ஆறுக்குட்டி கடைசித் திருகைக் கால்வாசி திருப்பினார். குமிழ் நின்றது, அசையவே இல்லை. அப்போது ஈரச்சாக்கைத் தரையில் இழுத்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது, வாட்டம் அலமாரிகளுக்கு அடியிலிருந்து நழுவி, ஷெட்டைக் கடந்து, கேட்டுக்கு அடியில் புகுந்து தெருவுக்குப் போய்விட்டது. ஆறுக்குட்டி அது போக வழிவிட்டு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். தரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மட்டமாகக் கிடந்தது. அப்படியானால் மூன்று அங்குலம் எக்கிய கால்களோடு ஐந்தாவது அலமாரி மட்டும் எப்படி மற்றதோடு ஒரே உயரத்தில் நின்றது என்று எங்கள் நகர் நலச் சங்கத் தலைவி மனோன்மணி டீச்சர், கணக்கு டீச்சராக இருந்தவர், இரண்டு நாள் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

"பாத்தியா, பூஜ்யத்துக்குப் பூஜ்யம்" என்றார் நாச்சிமுத்து. அவர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நாங்கள் பார்த்ததில்லை.

வாட்டம் முதலில் போனது பக்கத்தில் பத்தாம் வீட்டுக்கு. அங்கே சென்னியப்பன் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தட்டில் இருந்த சாம்பார் மேற்குப் பக்கம் ஒதுங்கியது, தட்டைத் திருப்பி வைத்தார், மறுபடியும் மேற்கே போனது. அவர் மனைவி எட்டிப் பார்த்து, "ஏதோ வந்திருக்குதாட்டங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுக்கிற பழக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து தரையில் ஊற்றினார். தண்ணீர் நேராக மேற்கே ஓடியது. ஆறுக்குட்டியைக் கூப்பிட்டார்கள், அவர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, காணாமல் போன ஆட்டை அடையாளம் காட்டுகிறவர் மாதிரி, "இருபதடிக்கு மூணங்குலம். நம்ம ஒம்பதாம் வீட்டுதேதானுங்" என்றார். அன்றிலிருந்து நகரில் எல்லோர் வீட்டிலும் காலையில் எழுந்ததும் வாசற்படிக்கு உள்ளே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஓடினால் வாட்டம் வந்திருக்கிறது. வந்தால் வாங்க என்று சொல்லிவிடுவோம், அதற்குக் காது கேட்குமோ கேட்காதோ, சொல்ல வேண்டியது நம் மரியாதை.

வெள்ளிக்கிழமை அது பதினொன்றாம் வீட்டுக்குப் போனது. அங்கே ஒரு கைக்குழந்தை சரிவுப் பக்கமாக மட்டும் நடக்கக் கற்றுக்கொண்டு, ஏற வேண்டியபோதெல்லாம் தூக்கச் சொல்லி அழுதது. சனிக்கிழமை பன்னிரண்டாம் வீட்டுக்குப் போனது, அங்கே இருந்த புருஷனும் பெண்சாதியும் பல வருஷமாகக் கட்டிலின் இரண்டு ஓரத்தில் படுக்கிறவர்கள், ஒரே பக்கம் உருண்டு வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் சண்டையே போடவில்லை என்று சிலர் சொல்வது மிகை. போட்டார்கள், பக்கத்தில் படுத்துக்கொண்டே போட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் நடந்த பெரிய விஷயம் அது இல்லை, அடுத்த நாள் காலையில் அந்தம்மாள் குளித்துவிட்டுக் கதவைத் திறந்து, தலையில் துண்டோடு தெருவுக்கே வந்து, "தண்ணி போகுதுங்க!" என்று கத்தியதுதான்.

இதைக் கேட்டு நகரே ஏன் ஓடியது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். செண்பகா நகரில் இருபத்துநாலு வீட்டையும் கட்டியது ஒரே மேஸ்திரி. அவர் மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார், குளியலறைத் தண்ணீரை மட்டும் தண்ணீர் போகிற ஓட்டைக்கு நேர் எதிர் மூலைக்கு அனுப்புவதில் அவருக்கு ஏதோ ஒரு பிடிப்பு இருந்தது. பதினாலு வருஷமாக நாங்கள் குளித்து முடித்ததும் வைப்பரை எடுத்து, மூலையில் நிற்கிற தண்ணீரைத் தள்ளித் தள்ளி ஓட்டைக்குக் கொண்டுபோவோம், தள்ளிவிட்டுத் திரும்பினால் பாதி பின்னாலேயே வந்து நிற்கும், குளித்துப் போன வியர்வையில் பாதி அங்கேயே திரும்பி வந்துவிடும். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தால்கூட எங்கள் நகரில் பையனுடைய அம்மா, 'வைப்பர் புடிப்பியா கண்ணு' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உண்டு. அப்படிப்பட்ட ஊரில், பன்னிரண்டாம் வீட்டுக் குளியலறையில் வாளித் தண்ணீரை ஊற்றினால் அது தானாகவே போய் ஓட்டையில் விழுந்து களகளவென்று இறங்கியது. அதைப் பார்க்கக் கியூ நின்றது. ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய் ஒரு சொம்பு ஊற்றிக் கேட்டுவிட்டு வந்தோம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நலச் சங்கக் கூட்டம் நடந்தது. வாட்டம் வீட்டுக்கு இரண்டு நாள், நம்பர் வரிசைப்படி, பன்னிரண்டாம் வீட்டில் திங்கள்வரை, பிறகு பதின்மூன்று, பிறகு பதினாலு என்று தீர்மானம். முறை முடிந்ததும் ஆறுக்குட்டி போய்க் குளியலறை வாசற்படியில் ரசமட்டத்தை வைத்து ஆப்பு அடித்துக் குமிழை நடுவில் நிறுத்துவார், வாட்டம் புறப்பட்டுவிடும், அடுத்த வீட்டுக்காரம்மாள் சொம்போடு நின்று அழைத்துக்கொள்ள வேண்டியது. எல்லாம் பேசி முடிந்த பிறகு மனோன்மணி டீச்சருக்குத்தான் ஒரு சந்தேகம் வந்தது.

"வாட்டம் ஒம்பதாம் வீட்டுது. அவிய நாளைக்கு வந்து கேட்டா என்ன பண்றது?"

நாச்சிமுத்து எழுந்தார். "நானெதுக்குங்க கேக்கறேன்? என்ற ஷெட்டு இப்ப பூஜ்யத்துக்குப் பூஜ்யம். காயிதம் குடுங், எழுதியே குடுத்தர்றேன்" என்று சொல்லி, பத்திர எழுத்தர் மாதிரி, 'மேற்படி வாட்டத்தின்மீது எனக்கும் என் மனைவிக்கும் எங்கள் வாரிசுகளுக்கும் இன்றும் என்றும் யாதொரு பாத்தியமும் இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தார். என் மனைவி என்று எழுதினாரே, அந்த மனைவி மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார், நாச்சிமுத்து திரும்பி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை, எல்லோர் கண்ணும் நம்பர் வரிசையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. கேட் வழியாக உள்ளே அடித்த சாரலும் கூரை விளிம்பில் வழிந்ததும் சேர்ந்து, முன்பெல்லாம் வாட்டத்தோடு போய்விடுகிற தண்ணீர், இப்போது எங்கே போவது என்று தெரியாமல் ஷெட்டில் அப்படியே நின்றது. புதன்கிழமை கணுக்கால் அளவு. அலமாரிக்குள் ஈரம் ஏறியது, வேடு கட்டின துணிகள் நமத்துப் போயின, கீழ்த்தட்டில் ஒரு பூண்டு ஜாடியைத் திறந்தபோது எண்ணெய் துளிக்கூடச் சாயாமல் கச்சிதமாக நின்றது, எண்ணெய்மேல் வெள்ளையாக ஒரு புள்ளியும் நின்றது. சுலோச்சனா அந்த ஜாடியைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டிவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.

"ஏனுங்க, வாட்டத்தத் திருப்பிக் கேளுங்க" என்றார் புருஷனிடம்.

"எதுக்கு? அலமாரி மட்டமா இருக்குதா இல்லியா?"

"மட்டமா இருக்குதுங்க. மட்டமா நின்னு நனையுது."

"அது மழையோட தப்பு" என்றார் நாச்சிமுத்து.

வியாழக்கிழமை காலை சுலோச்சனா குடையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போய், நாளைக்கு ஒரே ஒரு நாள், சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டார். டீச்சர் அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். "உங்க வீட்டுக்காரரே எழுதிக் குடுத்திருக்காருங்க சுலோச்சனா. உங்க பேருஞ் சேத்தித்தான் எழுதியிருக்காரு. நான் என்ன பண்றது, சொல்லுங்?" பதினெட்டாம் வீட்டில் சீமந்தம் வைத்திருக்கிறார்கள், இருபதாம் வீட்டில் மாப்பிள்ளை வருகிறார், எல்லோரும் முறை தப்பாமல் காத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். அப்புறம் சுலோச்சனா வாட்டம் இருந்த வீட்டுக்கே நேராக வந்து கேட்டார். பதினாலாம் வீடு. என்னுடைய வீடு. என் மச்சினி குடும்பத்தோடு வந்திருந்தாள், ஏழு பேர் குளிக்க வேண்டியிருந்தது, நான் 'சங்கம் சொன்னாச் சரிங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் திரும்பிப் போய்ப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வைப்பரை எடுத்து ஷெட்டில் நின்ற தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார். பின்சுவரிலிருந்து கேட்வரை தள்ளுவார், திரும்பிப் பார்த்தால் தண்ணீர் அவருக்கு முன்னாலேயே பின்சுவருக்குப் போய் நிற்கும், மறுபடியும் தள்ளுவார், மறுபடியும் வரும். நாச்சிமுத்து வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுலோச்சனா பத்துத் தடவை தள்ளினார், இருபது தடவை தள்ளினார், மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியது, திட்டியிருந்தால் நாச்சிமுத்து பதில் சொல்லியிருப்பார், பதில் சொல்வதில் அவர் கெட்டிக்காரர். பேசாமல் தள்ளிக்கொண்டிருந்த சுலோச்சனா ஒரு இடத்தில் நின்று, வைப்பரைத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஐந்தாவது அலமாரியில் சாய்ந்துகொண்டு சத்தமில்லாமல் அழுதார்.

"என்ற பேர்லயும் எதுக்குங்க எழுதுனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷத்தில் நாச்சிமுத்துவுக்குப் பதில் வராதது அதுதான் முதல்தடவை, அது அவருக்கே திகைப்பாக இருந்தது. அவர் படியிலிருந்து தண்ணீரில் இறங்கினார். யாராவது எடுத்துக் கொடுப்பார்கள் என்று ஒரு நிமிஷம் வைப்பருக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு குனிந்தார்.

அந்த நேரத்தில்தான் என் வீட்டுக் குளியலறையில், என் தலை நிறைய சோப்பு நுரையோடு நான் நின்றிருக்கும்போது, ஓட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. வாட்டம் கிளம்பிவிட்டது, ஆறுக்குட்டியும் வரவில்லை, ஆப்பும் அடிக்கவில்லை. மழையில் தெருவோடு போய், பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று, பத்து என்று எந்த வீட்டையும் திரும்பிப் பார்க்காமல், ஒன்பதாம் வீட்டுக் கேட்டுக்குள் நுழைந்து பார்த்தது. தரையில் அதற்கு இடமில்லை, தரை முழுக்க நாச்சிமுத்துவின் மட்டம் உட்கார்ந்திருந்தது. அதனால் அது குனிந்திருந்த மனிதரின் குதிகால் வழியாக ஏறி அவருக்குள் போய்விட்டது.

நாச்சிமுத்து வைப்பரோடு நிமிர்ந்தபோது முழுசாக நிமிரவில்லை. சுலோச்சனா நின்ற பக்கமாகச் சாய்ந்து நின்றார். அவர் காலடியிலிருந்து தண்ணீர் விலகி, இத்தனை நாள் தங்கியதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல், விறுவிறுவென்று கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடியது. ஆறுக்குட்டியை அழைத்து வந்தார்கள். அவர் அலமாரிகளின் மேல் ரசமட்டத்தை வைத்தார், குமிழ் நடுவில். நாச்சிமுத்துவின் காதோரம் தூக்குக்குண்டைப் பிடித்துத் தொங்கவிட்டு அளந்தார்.

"இருபதடிக்கு மூணுன்னா உங்க அஞ்சரை அடி ஒசரத்துக்கு முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் எச்சாத்தானுங்ணா வரோணும். நீங்க முழுசா மூணங்குலமுஞ் சாஞ்சிருக்கீங்."

"வலிக்குதுங்களா?" என்று கேட்டார் சுலோச்சனா.

"இல்ல" என்றார் நாச்சிமுத்து. "ஒரு மாதிரி எளக்கமா இருக்குது."

நகர் இதையும் ஏற்றுக்கொண்டது. வாட்டம் எங்கே இருந்தால் என்ன, முறை முறைதானே. அன்றைக்குச் சாயங்காலமே சங்கம் கூடி, வாட்டம் நாச்சிமுத்துவுக்குள் இருப்பதால் இனி வீட்டுக்கு ஒரு நாள் முறையில் நாச்சிமுத்துவே வீடு வீடாக வந்து குளியலறையில் நிற்க வேண்டியது, குளிக்கிறவர்கள் குளித்து முடித்துக் கூப்பிட்டதும் உள்ளே போய் ஓட்டைக்கு எதிர் மூலையில் அரை மணி நேரம் நின்றால் போதும், பெண்கள் உள்ள வீட்டில் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும் என்றெல்லாம் தீர்மானம் போட்டது. எனக்குச் சோப்பு நுரையோடு பறிபோன மிச்ச முறைக்கு அவர் அப்போதே வந்து நின்றார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுத் தண்ணீர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "காப்பி குடிக்கிறீங்களாண்ணா?" என்று கேட்டேன். "சுலோச்சனாவக் கேட்டுச் சொல்றேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சென்னைக்காரர்கள் வந்தார்கள், பவித்ரா என்று ஒரு பெண்ணும், எழுதிக்கொள்ள ஒரு ஆளும். மழை தூறிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து பின்சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், உள்ளே அடித்த சாரல் எல்லாம் அவரிடமிருந்து புறப்பட்டுத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. தரையில் ஈரம் இல்லை. பவித்ரா ஒவ்வொரு ஜாடியாகத் திறந்து பார்த்தார், எண்ணெய் ஒரு விரற்கடை, எல்லாப் பக்கமும் ஒரே விரற்கடை. நாங்கள் கேட்டுக்கு வெளியே குடைகளோடு நின்றிருந்தோம். பத்து மணிக்கு நாச்சிமுத்து வர வேண்டியது பதினைந்தாம் வீட்டு முறை, அழைத்துப் போக டீச்சரும் பதிவேட்டோடு வந்திருந்தார்.

"சார், நீங்கதானே ஓனர்?" என்று பவித்ரா கேட்டார்.

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். ஆரம்பித்தது பழைய நாச்சிமுத்துவின் வாக்கியம்தான், "நானு முப்பத்தோரு வருசமா தரத்துல" என்றுதான் ஆரம்பித்தது, ஆனால் வாய்க்கு வெளியே வந்ததும் அதனால் நேராக நிற்க முடியவில்லை, ஒவ்வொரு வார்த்தையாகச் சரிந்து சரிந்து, கடைசியில் மொத்தமும் சுலோச்சனா நின்ற பக்கம் போய்ச் சேர்ந்தது. "அவளக் கேளுங்க" என்று முடித்தார். எண்ணெய் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டார்கள், "அவளக் கேளுங்க". எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார்கள், "அவளத்தானுங் கேக்கோணும்."

சுலோச்சனா முதல் கேள்விக்குத் தடுமாறினார். இரண்டாவதில் குரல் வந்தது. ஐந்தாவதில், பூண்டை எந்த மாதத்தில் எடுக்கக் கூடாது, எலுமிச்சை எந்தப் பக்கம் வெயிலைப் பார்க்க வேண்டும், உப்பு கல்லாக இருந்தால் எப்படி, தூளாக இருந்தால் எப்படி என்று, எழுதுகிற ஆள் இரண்டு தடவை 'கொஞ்சம் மெதுவா மேடம்' என்று சொல்ல வேண்டியதாயிற்று. பதினோரு கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். எல்லாம் சரி. பவித்ரா கடைசியாக லேபிளைப் புரட்டிப் பார்த்து, "என்.எம். ஃபுட்ஸ்னு இருக்கே, இதே பேருல அக்ரிமென்ட் போட்டுடலாமா?" என்றார்.

"அது பழசுங்க. புதுசு அடிக்கோணும்."

"புதுப் பேர் என்னங்க?"

சுலோச்சனா அதை யோசித்து வைத்திருக்கவில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தார், அவர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார், அங்கிருந்து ஒன்றும் வராது என்று தெரிந்தது. "சுலோச்சனா" என்றார். "வெறுஞ் சுலோச்சனான்னே போடுங்க." போட்டுக்கொண்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, சென்னைக்காரர்கள் காரில் ஏறினார்கள்.

கார் தெருமுனை திரும்புவதற்குள் மனோன்மணி டீச்சர் உள்ளே வந்துவிட்டார். "ரொம்பச் சந்தோசமுங்க சுலோச்சனா. நாச்சிமுத்துண்ணனைத் தாட்டி உடுங், பதினஞ்சாம் வீட்டுல காலையிலிருந்து தண்ணி நிக்குது. ஒண்ணும் தப்பா நெனைக்காதீங், காயிதம் இருக்குது, முறைன்னு ஒண்ணு இருக்குது." நாச்சிமுத்து பழக்கமாக எழுந்துவிட்டார், வேட்டியைக்கூட மடித்துக் கட்டிக்கொண்டார், அப்புறம் நின்று சுலோச்சனாவைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். சுலோச்சனா கேட்டுக்கு அருகில் வந்து எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார், என் முகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

"வாட்டத்தத்தானுங் எழுதிக் குடுத்தாரு டீச்சர், ஆளை எழுதிக் குடுக்கலீங்" என்றார் சுலோச்சனா. "அவரு இனி எங்கியும் வர்ல. எனக்கு வேணும்."

டீச்சர் காகிதத்தைப் பிரித்து மறுபடியும் படித்தார். ஆளைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

சுலோச்சனா ஷெட்டின் வேலையை நினைத்துச் சொன்னாரோ, வேறு எதை நினைத்துச் சொன்னாரோ, முப்பத்துநாலு வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தையை நாச்சிமுத்து கேட்டதில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் இன்னும் கால் அங்குலம் மனைவி பக்கம் சாய்ந்தார். இனி வாட்டம் யாருக்கும் கிடைக்காது என்று எங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, குடைகளை மடக்கிக்கொண்டு அவரவர் வைப்பரை எடுக்க வீட்டுக்குப் போனோம்.